கிருமியும் அது கக்கும் நஞ்சும்

நோய் இன்னதென்று அறிந்து, அது தோன்றுதற்குக் காரணம் யாதென்று ஆராய்ந்து, அதன் பின்னரே அதைத் தணிக்கும் வழியைத் தேடவேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. இம்மூன்று படிகளுள் இடைப்பட்ட படியே மிகக் கடினமானது. நோயைக் கண்ணாற் காணலாம். அதன் காரணங்களோ ஒன்றன்பின் ஒன்றாக மறைந்து நிற்பன. காரணத்தைக் கண்டுவிட்டோம் என்று ஆய்வாளன் மனநிறைவு கொள்ளும் வேளையில், அதற்கும் பின்னால் வேறொரு காரணம் நிற்பதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே பெருந்தொற்று நோய்கள் பலவற்றுக்கு மூலம் பற்றீரியா எனப்படும் நுண்ணுயிர்களே என்பது நிறுவப்பட்டது. ஆயினும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அச்சிற்றுயிர் மனிதனை எவ்வாறு வீழ்த்துகின்றது என்னும் வினா எஞ்சி நின்றது. தொண்டைக்கரப்பானை விளைக்கும் கிருமி வளர்க்கப்பட்டதும், வாந்திபேதியை விளைக்கும் கிருமி உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் 1884ஆம் ஆண்டிலேயே. முன்னையது கொல்லும் வகையை அறிய நான்கு ஆண்டுகள் போதியனவாயின. பின்னையது கொல்லும் வகையை அறிய எழுபத்தைந்து ஆண்டுகள் சென்றன. ஒரே காலத்தில், ஒரே தலைமுறையினரால் தொடங்கப்பெற்ற இரு தேடல்களுக்கிடையே இத்துணை வேற்றுமை ஏன் உண்டாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டிப்தீரியா என்று மேனாட்டார் வழங்கும் தொண்டைக்கரப்பான், சிறு பிள்ளைகளையே பெரிதும் பற்றிய கொடிய நோய். தொண்டையிலே சாம்பல் நிறச் சவ்வொன்று படர்ந்து மூச்சை அடைக்கும். மூச்சடைப்பினின்றும் தப்பிய பிள்ளைகளுட் சிலர் சில வாரங்களின் பின் இதயம் தளர்ந்தோ நரம்புகள் செயலிழந்தோ இறப்பதும் உண்டு. அச்சவ்விலே காணப்பட்ட கோலுருவான பற்றீரியாவை எட்வின் கிளெப்சு 1883இல் விவரித்தார். மறு ஆண்டிலே, றொபேட் கொக்கின் உதவியாளராயிருந்த பிரீட்ரிக் லொவ்லர் பெர்லினிலே அதனைத் தனியே பிரித்து வளர்த்தார். அவர் கண்ட புதுமை ஒன்றுண்டு. நோயால் இறந்த உயிர்களின் உள்ளுறுப்புக்கள் கேடுற்றிருந்தன. ஆனால் அவ்வுறுப்புக்களில் கிருமிகள் இல்லை. அவை தொண்டையளவிலேயே தங்கிவிட்டன. தொண்டையில் இருக்கும் பகைவன் இதயத்தைத் தாக்குவது எங்ஙனம்? கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கின்றது, அந்நஞ்சு குருதி வழியே பரவுகின்றது என்று லொவ்லர் ஊகித்தார்.

அவ்வூகத்தை மெய்ப்பித்தவர்கள் பாரிசிலுள்ள பாஸ்ரர் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் ரூவும் அலெக்சாந்தர் யெர்சினும் ஆவர். அவர்கள் கையாண்ட கருவி, அந்நிறுவனத்தவரான சாம்பர்லாந்து அமைத்த பீங்கான் வடிகட்டி. அதன் நுண்டுளைகள் நீரை விடும், பற்றீரியாவை விடா. கிருமி வளர்ந்த நீர்மத்தை அதன் வழியே வடித்து, ஒரு கிருமியேனும் இல்லாத தெளிந்த நீரைக் கினிப்பன்றிகளின் உடலில் ஏற்றினர். அவை இறந்தன. கிருமியே இல்லாதவிடத்தும் நோய் விளைந்தது. எனவே கொல்லுவது கிருமியின் உடலன்று, அது வெளியே விட்ட பொருளே என்பது 1888இல் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. அப்பொருள் புரதம் என்பது பிற்காலத்தார் அறிந்த செய்தி.

நோயின் காரணம் தெளிந்தவுடன் தணிக்கும் வழியும் விரைவிற் பிறந்தது. சிறிது சிறிதாக நஞ்சூட்டப்பெற்ற விலங்கின் குருதி நீர்ப்பாயத்திலே அந்நஞ்சை முறிக்கும் எதிர்நஞ்சு தோன்றுவதை எமில் பேரிங்கும் சிபாசபுரோ கித்தசாத்தோவும் 1890இல் பெர்லினிற் காட்டினர். குதிரைகளிலிருந்து பெற்ற நீர்ப்பாயத்தைப் பாரிசு நகரப் பிள்ளைகளுக்கு ஏற்றி, இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 1894இல் ரூ அறிவித்தார். மருத்துவத்துக்கான நோபல் பரிசு 1901இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் பேரிங். 1923இல் கஸ்தோன் றமோன் என்னும் பிரெஞ்சு அறிஞர், போமலின் சேர்த்து அந்நஞ்சின் கொடுமையை நீக்கி, உடல் அதனை இனங்காணும் தன்மையை மட்டும் எஞ்சவைத்தார். இன்று உலகெங்கும் பிள்ளைகளுக்கு ஏற்றப்படும் தடுப்பூசியில் உள்ளது அவ்வாறு பல் பிடுங்கப்பட்ட நஞ்சே.

இனி வாந்திபேதியை நோக்குவோம். 1883இல் எகிப்திலே அந்நோய் பரவியபோது செருமனியும் பிரான்சும் தத்தம் ஆய்வுக்குழுக்களை அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பின. பிரெஞ்சுக் குழுவின் இளம் உறுப்பினரான லூயி துய்யியே அந்நோய்க்கே பலியானார். நோய் அங்கே தணிந்ததும், செருமானியக் குழுவின் தலைவரான கொக், அது நீங்காது உறையும் வங்கத்தை நாடி, அவ்வாண்டு டிசெம்பரிற் கல்கத்தாவை அடைந்தார். இறந்தோரின் குடலிலும் குடிநீர்க் குளத்திலும் வளைந்த காற்புள்ளி போன்ற பற்றீரியாவைக் கண்டு, 1884இன் தொடக்கத்தில் அதனை அறிவித்தார். பசினி என்னும் இத்தாலியர் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே புளோரன்சிலே அதனை நுணுக்குக்காட்டியிற் கண்டிருந்தார் எனினும், உலகம் செவிசாய்த்தது கொக்குக்கே. கிருமி குடலை விட்டு அகலாதிருந்தும் உடல் முழுவதும் ஒடுங்கிச் சாவதைக் கண்ட கொக், இங்கும் ஒரு நஞ்சே வினை செய்கின்றது என்று அப்பொழுதே கருத்துரைத்தார். அவர் கருத்து முற்றிலும் சரியானது. ஆனால் அதனை மெய்ப்பிக்க அவராலும் இயலவில்லை, அவருடைய மாணாக்கராலும் இயலவில்லை.

தடையாய் நின்றது யாது? தொண்டைக்கரப்பானில் வெற்றி தந்த முறையே இங்குத் தடையாயிற்று எனலாம். வடித்த நீரை விலங்கின் தோலின் கீழோ வயிற்றறையிலோ குருதியிலோ ஏற்றிப் பார்ப்பதே அக்கால ஆய்வுகூடங்களின் மரபாகிவிட்டது. வாந்திபேதிக் கிருமியின் வடிநீரை அவ்வாறு ஏற்றியபோது வாந்திபேதி உண்டாகவில்லை. இறந்த கிருமிகளின் உடலை ஏற்றியபோதோ விலங்குகள் குளிர்ந்து சோர்ந்து இறந்தன. இதனைக் கண்ட றிச்சாட் பைபர், கொக்கின் நிறுவனத்தில் இருந்தவாறே 1892இல் வேறொரு கொள்கையை நாட்டினார். இக்கிருமியின் நஞ்சு வெளியே சுரக்கப்படுவதன்று, அதன் உடற்சுவரோடு ஒன்றியது, கிருமி சிதையும்போதே வெளிப்படுவது என்பது அக்கொள்கை. அத்தகைய அகநஞ்சு உண்மையில் உண்டு. பல நோய்களில் அது காய்ச்சலையும் அதிர்ச்சியையும் விளைப்பதும் உண்மை. ஆயின் வாந்திபேதிக்குக் காரணம் அதுவன்று. பொய்யைக் காட்டிலும், இடம் மாறிய உண்மை நீண்ட காலம் வழிமறிக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

குழப்பத்தை மிகுவித்த நிகழ்ச்சி வேறொன்றும் அதே 1892இல் நிகழ்ந்தது. கிருமி மட்டும் நோயைத் தராது என்று வாதாடிய மூனிச் நகரப் பேரறிஞர் மக்சு பெற்றன்கோபர், வாந்திபேதிக் கிருமி வளர்ந்த நீரைப் பலரறியத் தாமே அருந்தினார். அவருக்குச் சிறிது வயிற்றோட்டம் கண்டதேயன்றி உயிருக்கு ஊறு நேரவில்லை. கிருமி இருந்தும் கொடுநோய் இல்லை, கிருமியின் வடிநீரை ஏற்றியும் நோய் இல்லை என்றவாறு தேடல் தேங்கி நின்றது. வளர்ந்த விலங்குகள் இயல்பாக இந்நோய்க்கு ஆளாவதில்லை என்பதும் ஆய்வாளரின் இடர்ப்பாட்டைப் பெருக்கிற்று.

அவ்வாறு தேங்கிய ஆய்வை மீண்டும் ஓடச்செய்தவர் சம்பு நாத் தே என்னும் வங்க அறிஞர். 1915இல் ஊக்ளி மாவட்டத்திலே பிறந்த அவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பயின்று, லண்டனிலே றோய் கமரோன் என்னும் நோயியல் அறிஞரின் கீழ் ஆய்வு செய்து 1949இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றதும் தாயகம் மீண்டு, ஆண்டுதோறும் வாந்திபேதியால் மக்கள் மடியும் நகரிலே அந்நோயையே ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அவர் எழுப்பிய வினா மிக எளியது. இந்நோய் குடலில் நிகழ்வதாயின், அதன் நஞ்சைக் குருதியிலும் வயிற்றறையிலும் தேடுவானேன்? குடலிலேயே தேடினால் என்ன?

மயக்கமூட்டிய முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளமுள்ள பகுதியை இரு முனையிலும் நூலாற் கட்டி, அதனுள்ளே கிருமி வளர்ந்த நீர்மத்தைச் சிறிதளவு செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது, கிருமி செலுத்திய குடற்பகுதி நீர் நிறைந்து புடைத்திருந்தது. வாந்திபேதி நோயாளரின் அரிசி கழுவிய நீர் போன்ற கழிவையே அந்நீர் ஒத்திருந்தது. கிருமியற்ற நீர்மம் செலுத்தப்பட்ட பகுதியோ சுருங்கியே கிடந்தது. இச்சோதனையை அவரும் அவர்தம் துணைவரும் 1953இல் வெளியிட்டனர். அடுத்த படியாக, ரூவும் யெர்சினும் செய்தவாறே வளர்ப்பு நீரிலிருந்து கிருமிகளை அறவே நீக்கி, எஞ்சிய வடிநீரைக் குடற்பகுதியினுட் செலுத்தினார். குடல் முன்போலவே புடைத்தது. 1959 மே மாதத்தில் ‘நேச்சர்’ என்னும் ஆங்கில அறிவியல் இதழில் வெளிவந்த அவருடைய சிறு கட்டுரை, கொக்கின் எழுபத்தைந்தாண்டுப் பழைய ஊகத்தை நிறுவியது. அதே ஆண்டிற் பம்பாயின் கவ்கின் நிறுவனத்திலே என். கே. தத்தாவும் அவர்தம் குழுவினரும் முயற்குட்டிகளைக் கொண்டு இந்நஞ்சின் வினையைத் தனியே காட்டியதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும்.

நூலும் ஊசியும் முயலும் வடிகட்டியும் 1884இலும் இருந்தன. தே கையாண்டவற்றுள் கொக்கின் காலத்தில் இயலாதது ஒன்றுமில்லை. இல்லாதிருந்தது கருவியன்று, வினாவே. நஞ்சு உண்டா என்று வினவியவர் பலர். அது எங்கே வினை செய்யும் என்பதை முதலில் வினவி, அவ்விடத்திலேயே அதனைச் சோதித்தமையே தேயின் சிறப்பு. நான்காண்டுக்கும் எழுபத்தைந்தாண்டுக்கும் இடைப்பட்ட வேற்றுமை இதனுள் அடங்கும்.

வழி திறந்தபின் செய்திகள் விரைந்து பெருகின. 1969இல் அமெரிக்காவிலே பிங்கல்சுதைனும் லொசுபலுத்தோவும் அந்நஞ்சைத் தூய புரதமாகப் பிரித்தெடுத்தனர். ஐதரசன் அணுவினும் ஏறத்தாழ 84,000 மடங்கு எடையுள்ள அப்புரதம் இருவகைக் கூறுகளால் ஆனது. வளையம்போல் அமைந்த ஐந்து கூறுகள் குடற்கலத்தின் புறத்தே பற்றிக்கொள்ளும். ஆறாவது கூறு கலத்தினுட் புகுந்து நொதியமாகத் தொழிற்படும். அது கலத்தின் கட்டளைப் புரதமொன்றை நிலைமாற்றி, திறந்த மதகு மூடாதவாறு செய்துவிடுகின்றது. அதனாற் குளோரைட்டு உப்பும் அதனைத் தொடர்ந்து நீரும் குடலினுள் இடையறாது பெருகுகின்றன. கடுமையான நோயாளர் ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் அளவு நீரை இழத்தலும் கூடும். அவரைக் கொல்லுவது வற்றிப்போதலே. தொண்டைக்கரப்பான் நஞ்சும் இவ்வாறே பற்றும் கூறும் வெட்டும் கூறும் உடைய புரதமாகும். ஆனால் அது கலம் தன் புரதங்களை ஆக்கும் தொழிலையே நிறுத்திவிடுவது. அதன் வினைக்கூறு ஒன்றே ஒன்று உட்புகுந்தாலும் ஒரு கலம் இறக்கும் என்பது 1978இல் காட்டப்பட்டது.

இவ்விரு நஞ்சுகளின் வேற்றுமை மருந்தையும் வேறாக்கிற்று. தொண்டைக்கரப்பானில் நஞ்சு குருதி வழியே கலங்களைக் கொல்லுமாதலின் எதிர்நஞ்சு வேண்டும். வாந்திபேதியிலோ குடற்கலங்கள் கொல்லப்படுவதில்லை. குடலின் உட்சவ்வு உரிந்து விழுவதாலேயே நீர் ஒழுகுகின்றது என்று முன்னோர் நம்பினர். பாங்கொக்கிலே நோயாளரின் குடற்சவ்வைச் சிறு துணுக்காக எடுத்து நோக்கிய கங்கறோசா என்னும் அமெரிக்க மருத்துவர், சவ்வு குலையாதிருப்பதை 1960இல் அறிவித்தார். சவ்வு குலையவில்லையெனில், வெளியேற்றும் வழி கெட்டிருந்தாலும் உறிஞ்சும் வழி எஞ்சியிருத்தல் கூடும். குளுக்கோசும் சோடியமும் இணைந்தே உட்செல்லும் வழி நோயிலும் பழுதின்றி இயங்குகின்றது. 1968இல் டாக்காவிலே நாலினும் காசும் சீனியும் உப்பும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து இதன் பயனை நிறுவினர். 1971இல் கிழக்குப் பாக்கித்தானிலிருந்து அகதிகள் வங்கத்தின் எல்லையைக் கடந்து குவிந்தபோது, பொங்கான் முகாமிலே நாளத்தில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோக, திலீப் மகாலனபிசு அக்கலவையைப் பீப்பாய்களில் நிறைத்துப் பருகச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு அங்கே நூற்றுக்கு நான்கினும் குறைந்தது.

கிருமிக்கும் நஞ்சுக்கும் உள்ள உறவு பற்றிய வியப்பு இன்னுமொன்றுண்டு. தொண்டைக்கரப்பான் கிருமிகளுள் நஞ்சு சுரப்பனவும் உண்டு, சுரவாதனவும் உண்டு. பற்றீரியாவையே தொற்றும் வைரசு ஒன்று புகுந்தால், நஞ்சு சுரவாத கிருமியும் சுரக்கத் தொடங்குகின்றது என்பதை 1951இல் விக்டர் பிறீமன் கண்டார். வாந்திபேதிக் கிருமியும் தன் நஞ்சுக்குரிய பரம்பரையலகை ஒரு வைரசிடமிருந்தே பெற்றதென்பதை 1996இல் வோல்டரும் மெக்கலனோசும் நிறுவினர். ஆகவே நஞ்சு கிருமிக்கு இரவலாய் வந்த படைக்கலம். அது வாய்க்காத கிருமி அக்கொடுநோயை விளைக்கமாட்டாது. கிருமியைக் கண்டதனால் மட்டும் நோயின் காரணத்தைக் கண்டதாகாது என்பது இதனால் மேலும் உறுதியாகின்றது.

இனி, புரதமாகிய அப்பெரிய மூலக்கூறு கிருமியின் உடலை விட்டு வெளியேறுவது எவ்வாறு? பீங்கான் வடிகட்டியினூடே அது சென்றதைக் கண்டவர்கள், கிருமியின் சுவரை அது எவ்வாறு கடந்தது என்பதை அறிந்திலர். கலத்தைச் சூழ்ந்த மென்சவ்வு கொழுப்பாலானது. புரதம் அதனை எளிதிற் கடவாது. வெளியே செல்லவேண்டிய புரதத்தின் தொடக்கத்தில், மடலின்மேல் எழுதிய முகவரிபோல் ஒரு சிறு தொடர் அமைந்துள்ளது, அதனைக் கண்டே வாயில் திறக்கின்றது என்பதை நியூ யோக்கிலிருந்த குந்தர் புளோபெல் விலங்குக் கலங்களை ஆராய்ந்து 1975இல் விளக்கினார். அதற்காக 1999இல் அவர் நோபல் பரிசு பெற்றார். பற்றீரியாவும் அம்முறையையே கையாளுகின்றது.  வாந்திபேதிக் கிருமிக்கு இரண்டு மென்சவ்வுகள் உண்டு. அதன் நஞ்சின் கூறுகள் தனித்தனியே முகவரி காட்டி உட்சவ்வைக் கடக்கின்றன. இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளியிலே மடிந்து ஒன்றிணைந்து முழுநஞ்சாகின்றன. அதன் பின்னரே, பல புரதங்களாலான வேறொரு பொறி அதனைப் புறச்சவ்வினூடே வெளியேற்றுகின்றது. இப்பொறியை இரண்டாம் வகைச் சுரப்பமைப்பு என்பர்.

எல்லாக் கிருமிகளும் நஞ்சைப் புறவெளியிற் கொட்டிவிடுவதில்லை. தொண்டைக்கரப்பான் நஞ்சை ரூவுடன் வடித்தெடுத்த யெர்சின், 1894இல் கொங்கொங்கிலே பிளேக்கு நோயின் கிருமியைக் கண்டார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. அதன் நெருங்கிய இனமொன்றை ஆராய்ந்த சுவீடன் நாட்டு ஊமியோப் பல்கலைக்கழகத்தார், அக்கிருமி தான் தொட்டு நிற்கும் கலத்தினுள்ளே தன் புரதத்தை நேரே செலுத்துகின்றது என்பதைச் சரியாக நூறாண்டுகளின் பின் 1994இற் காட்டினர். 1998இல் சல்மொனெல்லா என்னும் கிருமியினின்று அத்தகைய பொறி பிரித்தெடுக்கப்பட்டு, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நோக்கப்பட்டபோது, அடியிலே வளையங்களும் நுனியிலே ஊசியும் உடையதாய்த் தோன்றிற்று. ஒரு மில்லிமீற்றரைப் பதினாயிரம் கூறிட்டால் அவற்றுள் ஒரு கூறினும் குறுகியது அவ்வூசி. பிளேக்குக் கிருமி, தன்னை விழுங்க வரும் காவற்கலங்களை இவ்வூசி வழிச் செல்லும் புரதங்களாலேயே முடக்குகின்றது. இத்தகைய நஞ்சு வடிநீரில் நிறைந்து நில்லாது. இங்கும், வினை நிகழும் இடத்தை நோக்கியவர்க்கே உண்மை புலனாயிற்று.

தேயின் வாழ்க்கையைப் பற்றிச் சில சொற்கள் கூறி முடித்தல் தகும். அவர்தம் 1959ஆம் ஆண்டுக் கட்டுரை உடனே உரிய கவனத்தைப் பெறவில்லை. 1973இல் அவர் பதவியினின்று ஓய்வுபெற்றார். 1978இல் ஸ்ரொக்கோமிலே வாந்திபேதி பற்றி நிகழ்ந்த நோபல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டபோதே, தம் நாட்டில் அவரை அறியாதார் பலர் அறிந்தனர். நோபல் பரிசு பெற்ற யோசுவா லெடர்பேர்க்கு அவர் பெயரை அப்பரிசுக்கு முன்மொழிந்தும் அது கிட்டவில்லை. 1985இல் அவர் மறைந்தார். ‘கறன்ற் சயன்சு’ என்னும் இந்திய அறிவியல் இதழ் அவர் நினைவாகச் சிறப்பிதழ் வெளியிட்டது அதன் பின், 1990இல். அறிஞனை அவன் வாழும்போதே அறிந்து போற்றுதல் கல்விச் சமுதாயத்தின் கடன். அக்கடனில் தவறியோர் வங்கத்தார் மட்டும் அல்லர்.

1961இல் இந்தோனேசியாவின் செலிபீசுத் தீவிலே தொடங்கிய ஏழாவது வாந்திபேதிப் பெருந்தொற்று இன்னும் முற்றாக ஓயவில்லை. தூய குடிநீரும் நற்சுகாதாரமும் இல்லாத இடமெங்கும் அக்கிருமி தன் இரவற் படைக்கலத்தோடு காத்திருக்கின்றது. அதனை எதிர்த்துப் போரிடுவோர் கையில் இன்றுள்ள எளிய மருந்தாகிய உப்புச் சீனிக் கரைசல், நோயின் காரணத்தை அதன் இடத்திலேயே சென்று தேடியவர்கள் தந்த கொடை. நமது கல்லூரி ஆய்வுகூடங்களில் விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று வருந்தும் மாணவர், முயலின் குடலையும் ஒரு முழ நூலையும் கொண்டு எழுபத்தைந்தாண்டு முடிச்சை அவிழ்த்த ஆசிரியர் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார் என்பதை மறவாதிருப்பாராக. கருவியைப் பிறரிடமிருந்து பெறலாம். வினாவை நாமே ஆக்கிக்கொள்ளல் வேண்டும்.